இரண்டாவது அடி

உங்கள் அறையின் மின்விசிறி பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்கிறது. மேலே ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கும். உடனே விழுந்துவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் ஆளைக் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். போன தடவை விசாரணைக்கு வந்தபோதே சொல்ல நினைத்தேன். அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

அன்று நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மேளத்தைப் பதிவு செய்தது யார் என்று கேட்டீர்கள், நான் என்றேன். பதிவில் கோளாறு உண்டா என்றீர்கள்; இல்லை என்றேன். தங்கை விழுந்தபோது எங்கே இருந்தீர்கள் என்றீர்கள். மூன்றாவது வரிசையில், ஓரத்து நாற்காலியில் என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, “நீங்க போய் தங்கச்சியப் பாருங்கம்மா” என்று அனுப்பி வைத்தீர்கள். நல்ல மனுஷர் நீங்கள். நீங்கள் கேட்காத ஒன்றே ஒன்றைத்தான் நான் சொல்லவில்லை. நாளைக்குத் தூண் இங்கே வந்து, தன் கவனக்குறைவால்தான் எல்லாம் நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறார். அதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று வந்தேன்.

தூண் என்பது நாங்கள் வைத்த பெயர். ஆள் அப்படி. அவரைப் பெயர் சொல்லி அவர் மனைவிகூடக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என் தங்கையை எல்லோரும் ‘பூச்சி’ என்பார்கள். அது நான் வைத்தது. சின்ன வயதில் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள், கட்டிலிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து ஜன்னலுக்கு என்று தாவிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது பத்தொன்பது. அப்பா வேலை பார்த்த ஊர் தூரம். மாதம் ஒருமுறை வந்து எங்கள் இருவரையும் விருந்தாளி மாதிரி பார்த்துவிட்டுப் போவார். அன்றிலிருந்து அவளுக்குத் தலை பின்னியது நான், ஜுரம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தது நான். மேசை மேல் தாளம் தட்டி அவளை முதன்முதலில் ஆட வைத்ததும் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கணக்குக்காகவும் சொல்லவில்லை.

எங்கள் குழுவில் ஐந்து பேர். பூச்சி ஆடுவாள். தூண் நடிப்பார். முன்னாள் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் உண்டு, அவரை டீச்சர் என்போம். அம்மா வேடமும் அவர்தான், கடிதம் எழுதுவது, அரங்கம் பிடிப்பது எல்லாமும் அவர்தான். ஒரு லைட்காரர். பிறகு நான். மேடையின் இடது மூலையில் ஒரு பெரிய தோல் மேளம், ஒரு தகரத் தட்டு, இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, என் தொண்டை. நாடகத்தில் கேட்ட சத்தம் அத்தனையும் என்னிடமிருந்து வந்ததுதான்.

எங்களுக்கு இயக்குநர் கிடையாது. முதலாளி இல்லாத இடத்தில் குற்றவாளியும் இல்லை என்று லைட்காரர் கிண்டலடிப்பார். எதை முடிவு செய்வதானாலும் ஐந்து பேரும் தரையில் வட்டமாக உட்கார்வோம். சம்மதம் என்றால் உள்ளங்கையைத் தரையில் வைக்க வேண்டும். ஐந்து கையும் தரையில் இருந்தால்தான் அது முடிவு. ஒரு கை மடியில் இருந்தாலும் இல்லை. ஒரு நாற்காலிக்கு என்ன வர்ணம் அடிப்பது என்று மூன்று மணிநேரம் உட்கார்ந்திருக்கிறோம். கடைசியில் பசிதான் முடிவு செய்தது.

அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றரை வருடத்தில் செய்த நாடகம் அது. ஒரு குடும்பம் வீடு காலி செய்கிறது, அவ்வளவுதான் கதை. வசனம் ஒரு பக்கம்கூடத் தேறாது. சாமான்களைத் தூக்குவதும், இறக்குவதும், ஒருவர் மேல் ஒருவர் ஏறுவதும், பாயைச் சுருட்டுகிற மாதிரி ஒருவரை ஒருவர் சுருட்டுவதுமாக உடம்பாலேயே போகும். மகள் மட்டும் போக மறுக்கிறாள். வீட்டில் கடைசியாக மிச்சமிருக்கிற மர அலமாரியின் உச்சியில் ஏறி நின்றுகொள்கிறாள். அலமாரி ஆறடி உயரம். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை மூடி நிற்பாள். அப்பா, அதாவது தூண், மேடையின் மறுகோடியில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போகப் புறப்பட்டிருப்பார். அவரும் அவளுக்கு முதுகு காட்டித்தான் நிற்பார்.

அங்கே மேளம் நிற்கும். பிறகு ஒரு அடி. அந்த அடியில் தூண் மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பி அலமாரிக்கு வர வேண்டும். ஏழு எட்டு எடுத்து வைக்கிற தூரம். நான்கு எண்ணிக்கை அமைதி. பிறகு இரண்டாவது அடி. அந்த அடியில் பூச்சி மல்லாந்து விழுவாள், பலகை விழுகிற மாதிரி நேராக. தூண் கையில் ஏந்திக்கொள்வார். ஒத்திகையில் கீழே மெத்தை போட்டிருப்போம். மேடையில் மெத்தை கிடையாது. மெத்தை தெரிந்தால் யார் மூச்சைப் பிடிப்பார்கள்?

அறுபத்திரண்டு தடவை அவள் விழுந்தாள், அறுபத்திரண்டு தடவையும் அவர் பிடித்தார். மேளத்தை நம்பி விழுகிறேன் என்று அவள் சொல்வாள். மேளத்தை நம்பி ஓடுகிறேன் என்று அவர் சொல்வார். பத்திரிகைக்காரர்கள் அதையே எழுதினார்கள். குழுவில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். அக்கா மேளம் முன்னால் போகும், நாம் பின்னால் போவோம் என்று.

அது அப்படி இல்லை, சார். நீங்கள் கேட்காத ஒன்று இதுதான்.

தூணுக்கு இடது முழங்கால் சரியில்லை. பழைய அடி. நல்ல நாளில் நான்கு எண்ணிக்கையில் வந்துவிடுவார். மற்ற நாட்களில் ஐந்து. மழைக்காலத்தில் ஒருநாள் ஆறு ஆனது. அலமாரிக்குக் கீழே வந்து, பின்னங்காலை ஊன்றி, குதிகால் தரையில் பதிந்தால்தான் அவர் கை தயார். நான் எண்ணியதே இல்லை. அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது பதிந்ததும் அடிப்பேன். அமைதியில் இருப்பவர்களுக்கு நான்கும் ஐந்தும் தெரியாது. உடம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் நான்குதான். முதல் பத்து நிகழ்ச்சியிலேயே இதைக் கவனித்துவிட்டேன். சொல்லவில்லை. சொன்னால் வட்டமாக உட்கார வேண்டும், தூணை மாற்றலாமா என்று பேச வேண்டும், அந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு தன் கையையும் தரையில் வைப்பார். எனக்கு அதைப் பார்க்க மனசு வரவில்லை. ஆகவே நான் காத்திருந்தேன். மேளம் அவர்கள் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது, எல்லோரும் அது முன்னால் போவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை.

பிறகு நாடகத்தை வெளியூர்களில் போட அழைப்பு வந்தது. பத்தொன்பது ஊர்கள், நான்கு மாதம். டீச்சர் கடிதத்தைப் படித்துக் காட்டினார். நான்கு பேருக்கு இடம் என்று அதில் இருந்தது. படித்து முடித்ததும் ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. ஐந்து பேர் இருக்கிற அறையில் நான்கு பேர் ஜன்னலைப் பார்த்தால் ஐந்தாவது ஆளுக்குப் புரிந்துவிடும்.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மேளத்தை மட்டும் பதிவு பண்ணிக்கிட்டா... நான் சும்மா கேக்கறேன், யாருக்கும் மனசில்லன்னா விட்ருவோம்.”

லைட்காரர், “பட்டன அமுக்கறது எனக்கு ஒண்ணும் பெரிய வேலையில்ல, ஆனா அக்கா இல்லாம எப்படிங்க?” என்றார்.

தூணுடைய கை மடியிலேயே இருந்தது. முதலில் தரையில் வந்த கை பூச்சியுடையது. சின்னக் கை, விரல்களை அகல விரித்து வைத்தாள். என்னைப் பார்க்காமல்தான் வைத்தாள். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து நானும் வைத்தேன். நான் வைத்த பிறகுதான் தூண் வைத்தார். ஐந்து கை. முடிவு.

அன்று சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே பேசினாள். “கோவமாக்கா?”

“எனக்கென்ன கோவம்.”

“நீயும் கொஞ்சம் ஓய்வெடு. எனக்காகவே எத்தனை வருஷம் ஓடியிருக்க. எனக்கும் ஒரு தடவை தனியா போய்ப் பாக்கணும்னு இருக்குக்கா. நீ பக்கத்துல இருந்தா நான் என்னிக்கும் ஆறு வயசுதான்.”

அன்பாகத்தான் சொன்னாள். முப்பத்தொரு வயதுப் பெண் சொல்லக்கூடிய நியாயமான பேச்சு. நானும், “போயிட்டு வா, இங்க வீடு எங்கயும் ஓடிடாது” என்றேன். அவள் சிரித்தாள். மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு நான் பாத்திரம் கழுவப் போனேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பதிவு அறை சின்னது. சுவரெல்லாம் பஞ்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் காதில் மாட்டிக்கொள்ள ஒன்று கொடுத்தார். அதில் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. “ரெண்டு அடிக்கு நடுவுல எத்தனை எண்ணிக்கைம்மா?” என்று கேட்டார். டீச்சர் பக்கத்தில் நோட்டுடன் நின்றார். நோட்டில் நான்கு என்று எழுதியிருந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்து எழுதியது. நான் நான்கு என்றேன். நான்கில் அடித்தேன். நான் அதுவரை அவ்வளவு சுத்தமாக அடித்ததில்லை. அந்த ஆள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

“மேடைல அடிக்கற மாதிரியே இருக்கா?” என்று டீச்சர் கேட்டார்.

“அதே மாதிரிதான்,” என்றேன்.

பஞ்சுச் சுவரில் தூணுடைய குதிகால் இல்லை. நான் எதைப் பார்த்து அடிப்பது? அப்படித்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் அந்தப் பதிவை ஆட்களை வைத்து அளந்து பார்த்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு இம்மிகூடப் பிசகவில்லை என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறதாம். இருக்கும்.

பதிவை வைத்து மூன்று நாள் ஒத்திகை. நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு நாள் தூண் சரியாக வந்தார். வெயில் காலம், முழங்கால் நன்றாக இருந்தது. நான் நிம்மதியாகத்தான் இருந்தேன், நம்புங்கள். மூன்றாவது நாள் அவர் ஒரு எட்டு பின்னால் இருந்தார். முழங்கையில்தான் பிடித்தார், இருவரும் மெத்தையில் உருண்டார்கள். பூச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். தூணும் சிரித்தார். “வயசாயிடுச்சு, தூணு சாயுது,” என்றார் லைட்காரர். நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை.

அது திங்கட்கிழமை. அன்று மத்தியானம் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஆடும் நாட்களில் பின்னல் இறுக்கமாக இருக்க வேண்டும், மண்டையோடு ஒட்டி. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், நான் நாற்காலியில். அவள் முகம் எனக்குத் தெரியாது.

“அக்கா, அந்த ரெண்டாவது அடி கொஞ்சம் சீக்கிரம் வர்ற மாதிரி இருக்கு.”

“நாலுதான்.”

“நாலுதான். எண்ணிப் பாத்தேன். ஆனா நீ அடிக்கறப்போ வேற மாதிரி இருக்கும். நீ எதப் பாத்து அடிப்ப?”

சீப்பை எடுத்து, ஒரு சிக்கைப் பிரித்தேன். சிக்கு பெரிதாக ஒன்றுமில்லை.

“எதையும் பாக்க மாட்டேன். எண்ணி அடிப்பேன்,” என்றேன். “ஏன், பயமா இருக்கா? பயமா இருந்தா சொல்லு, அந்த எடத்தையே எடுத்துடச் சொல்றேன்.”

“பயமா? எனக்கா?” என்றாள். தலையை ஒரு வெட்டு வெட்டினாள், பின்னல் என் கையிலிருந்து நழுவியது. அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். ஆறு வயதிலிருந்து, மேசையிலிருந்து இறங்க வைக்க வேண்டுமானால் ‘பயமா’ என்று கேட்கக்கூடாது.

புதன்கிழமை ஊருக்குப் புறப்படும் முன் எங்கள் அரங்கத்திலேயே ஒரு வழியனுப்பு நிகழ்ச்சி. அரங்கம் இரண்டாவது மாடி. அன்று பார்த்து லிஃப்ட் ஓடவில்லை. அலமாரியைத் தூணும் லைட்காரரும் படி வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் போனபோது தூண் படியில் உட்கார்ந்து பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார். முழங்கால் வீங்கி, பளபளவென்று இருந்தது. கையில் கட்டுத்துணி வைத்துக்கொண்டு, குனிந்து கட்ட முடியாமல் திணறினார். நான் வாங்கிக் கட்டிவிட்டேன்.

“இறுக்கிக் கட்டும்மா. நாலு எண்ணிக்கைதானே, எந்தக் காலா இருந்தாலும் ஓடிரும். இத்தனை தடவைல ஒரு தடவையாவது லேட்டா வந்திருக்கனா சொல்லு?”

“இல்ல,” என்றேன். “ஒரு தடவைகூட இல்ல.”

முடிச்சு உள்பக்கம் வராமல் பார்த்துக்கொண்டேன், உறுத்தும். “வலிக்குதுன்னா டீச்சர்கிட்ட சொல்லிடுங்களேன்,” என்றும் சொன்னேன். அவர் கையை உதறிவிட்டு எழுந்து நொண்டிக்கொண்டே மேலே போனார். நான் சொன்னேனா, இல்லையா? சொன்னேன். இதையும் போன தடவை உங்களிடம் சொல்லலாமா என்று பார்த்தேன், எனக்குச் சாதகமாக இருக்குமே என்று. அப்புறம் வெட்கமாக இருந்தது.

அந்த நாடகத்தை அன்றுதான் முதன்முதலில் முன்னாலிருந்து பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாக இருந்தது. ஒரு வீடு கண்ணெதிரே காலியாவது எப்படி இருக்கும் என்று மூலையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவே தெரியாது. என் மூலையில் ஒரு கவிழ்த்த நாற்காலியும் துணி மூட்டையும் வைத்திருந்தார்கள். மேளச் சத்தம் இரண்டு பக்கத்துப் பெட்டிகளிலிருந்தும் வந்தது; நன்றாகவே வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி, “மேளம் யாருங்க, பிரமாதமா இருக்கே,” என்று தன் கணவரிடம் கேட்டாள். அவர் தெரியவில்லை என்றார்.

பூச்சி அலமாரி மேல் ஏறினாள். முதல் அடி விழுந்தது. தூண் மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பினார். பிறகு இரண்டாவது அடி. அவள் விழுந்தபோது தூண் இரண்டு எட்டு தள்ளி இருந்தார், கையை நீட்டிக்கொண்டு. அவர் குதிகால் பதிந்தபோது என் கை என் தொடையில் ஒரு அடி அடித்தது. சரியான இடத்தில்தான் அடித்தது. கூட்டம் கை தட்டியது. அவள் விழுந்ததையும் நாடகம் என்றே நினைத்துவிட்டார்கள். டீச்சர் விளக்கைப் போடச் சொல்லிக் கத்தின பிறகுதான் நின்றது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரம், ஒன்றும் செய்ய நேரமில்லை என்று போன தடவை உங்களிடம் சொன்னேன்.

முதுகெலும்பு, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. கை நன்றாக இருக்கிறது, பேச்சு நன்றாக இருக்கிறது. கால் இனி அசையாது என்று பெரிய டாக்டர் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். எனக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. எண்ணுவது என் தொழில். அவளை நான் ஆறு வயதில் வைத்திருந்த மாதிரியே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் அதைச் சொல்கிறார்கள். இப்படி ஒரு அக்கா கிடைக்க வேண்டுமே என்கிறார்கள். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

தூண் தினமும் வருவார். உள்ளே வர மாட்டார், வாசல் கதவுப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்தில் ஒருநாள் என் காலைப் பிடித்துவிட்டார். ஆறடி மனுஷர், தரையில் உட்கார்ந்து அழுதார். “நான் லேட்டா வந்துட்டேம்மா. அறுபத்திரண்டு தடவை சரியா வந்தவன், அன்னிக்கு லேட்டா வந்துட்டேன். என்ன மன்னிச்சிரு.”

நான் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினேன். “எழுந்திரிங்க, தூண். நான் மன்னிச்சுட்டேன்,” என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. ஐந்து வாரமாக அந்த டீயைத் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்படியே போயிருக்கும், சார். நேற்று மட்டும் அவர் அதைக் கேட்காமல் இருந்திருந்தால்.

நேற்று மத்தியானம் அவர் உள்ளேயே வந்துவிட்டார். நான் அடுக்களையில் இருந்தேன். கடைக்குப் போயிருக்கிறேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அவர் பூச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டு மொட்டை மாடியில் ஏழு எட்டுக்குக் கோடு போட்டு, மனைவியை எண்ணச் சொல்லி, திரும்பித் திரும்பி ஓடிப் பார்த்திருக்கிறார். வீக்கம் வடிந்த காலோடு.

“அஞ்சு ஆவுதும்மா. அஞ்சரகூட ஆவுது. எப்பவோ ஒரு தடவைதான் நாலு. அப்போ இத்தன நாளா நான் எப்படிச் சரியா வந்தேன்? நீதான் எனக்காகக் கொஞ்சம் பொறுத்து விழுந்தியா?”

“நான் இல்ல, தூண். நான் அடி கேட்டதும் விழுந்துருவேன். அக்காதான்,” என்றாள். “படுத்துக்கிட்டு யோசிக்கறதுக்குத்தானே நேரம் கிடக்கு. யோசிச்சுப் பாத்துட்டேன். உங்க கால் ஊனறவரைக்கும் அவ மேளம் அடிச்சதே இல்ல.”

“அப்போ அவங்களுக்கு...”

“அவளுக்கே தெரியாது. நான் கேட்டேனே அவகிட்ட, எண்ணித்தான் அடிக்கறேன்னா. அவ கை அப்படி, தானா காத்திருக்கும். என்ன வளத்த கை இல்லையா.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “தயவுசெஞ்சு இத அவகிட்ட சொல்லிடாதீங்க. தன்னாலதான் நான் இப்படிக் கிடக்கறேன்னு தெரிஞ்சா அவ உடைஞ்சு போயிருவா. அவ ஏற்கெனவே சரியா சாப்பிடறதில்ல.”

“நான் எதுக்குச் சொல்றேன்? வியாழக்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன். லேட்டா வந்தது நான்தானே, அது ஒண்ணும் பொய் இல்லையே. நம்ம ரெண்டு பேரோட போகட்டும்.”

“கை வைங்க,” என்றாள்.

கட்டில் சட்டத்தில் அவள் உள்ளங்கை பதிகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவருடையது. இரண்டு கை. நான் அடுக்களையில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

அவள் எனக்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறாள், பாருங்கள். அதில் நான் நுழைந்துகொள்ளலாம். அக்காவுக்கே தெரியாது, கை தானாகக் காத்திருந்தது, பதிவு அறையில் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு சுத்தமான கதை. நேற்று முழுவதும் அதற்குள் உட்கார்ந்து பார்த்தேன். ஆனால் திங்கட்கிழமை பின்னலில் சிக்கு இல்லை, சார். பதில் யோசிக்க எனக்கு நேரம் வேண்டியிருந்தது.

கை தானாகக் காத்திருக்காது. அறுபத்திரண்டு தடவையும் தெரிந்துதான் காத்திருந்தேன். பஞ்சு அறையில் நான்கு என்று சொன்னபோதும் தெரியும். படியில் உட்கார்ந்து அந்த முழங்காலைக் கட்டும்போது, இன்றைக்கு ஐந்துகூடப் போதாது என்று கையாலேயே தெரிந்தது. ஒரு அடி படட்டும், ஒரு சுளுக்கு வரட்டும், அக்கா இல்லாமல் முடியாது என்று வட்டமாக உட்கார்ந்து ஐந்து பேரும் கை வைக்கட்டும் என்று நினைத்தேன். சுளுக்கு என்றுதான் நினைத்தேன். ஆறடி உயரத்திலிருந்து மல்லாந்து விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

நேரமில்லை என்று சொன்னதும் பொய். தூண் திரும்பி இரண்டு எட்டு வைத்ததுமே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு முழுதாக இரண்டு எண்ணிக்கை இருந்தது. மேளக்காரிக்கு இரண்டு எண்ணிக்கை என்பது எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியாது. ‘பூச்சி’ என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அவள் விழுந்திருக்க மாட்டாள். என் குரலுக்கு அவள் எங்கே இருந்தாலும் நிற்பாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு எண்ணிக்கையிலும் ‘இப்போது தெரியும் உனக்கு’ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாளைக்குத் தூண் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொஞ்சம் சீக்கிரம் எழுத முடிந்தால் நல்லது. மணி மூன்றரை ஆகிறது, நான்கு மணிக்கு அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். டீச்சர் பக்கத்தில்தான் இருக்கிறார், ஆனால் வேறு யார் தொட்டாலும் அவளுக்குப் பயம். அக்கா வரட்டும், அக்கா கைதான் சரியாகப் பிடிக்கும் என்று காத்துக்கொண்டிருப்பாள்.